கமராவில் ‘எல் ஃபைன்’ போதுமா, ‘றோ’ வேண்டுமா?

புதுக் கமரா வாங்கிய அன்று மெனு முழுவதையும் ஒருதடவை துழாவுவோம். அப்போது ‘இமேஜ் குவாலிட்டி’ என்ற பக்கம் கண்ணில் படும். எல், எம், எஸ் என்று மூன்று எழுத்துகள். பக்கத்தில் வழுவழுப்பான ஒரு வளைவு, படிக்கட்டுப் போல வெட்டுப்பட்ட இன்னொரு வளைவு. அதே வரிசையில் றோ, அதாவது கமரா பதப்படுத்தாமல் தரும் மூலத் தரவு. எதையோ ஒன்றைத் தெரிவுசெய்துவிட்டு வெளியே வந்தால், பிறகு கார்ட் நிரம்புகிற நாளில்தான் அந்தப் பக்கத்தை மறுபடி திறப்போம். பெண் மணவறைக்கு வருகிற நேரம் பார்த்து ‘கார்ட் ஃபுல்’ என்று வரும். அவசரத்தில் எல்லிலிருந்து எம்முக்கு இறக்கிவிட்டு எடுக்கத் தொடங்குவோம்.

யாரையும் குறை சொல்ல முடியாது. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்து ஒரு டொலர் 350 ரூபாயைத் தாண்டியதிலிருந்து கமராச் சாமான் எதுவும் மலிவில்லை. ஒரு நல்ல மெமரி கார்ட் வாங்கக் கொழும்பு யுனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது. பெரிய படத்தை எப்போது வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். சிறிதாக எடுத்ததைப் பெரிதாக்க முடியாது. பெரிதாக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன, உண்மைதான். அவை இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. மாமியின் முகத்தில் மாமிக்கே தெரியாத சுருக்கங்களையும் சேர்த்து. ஆகவே குறைக்கிற வேலையைக் கமராவுக்குள் செய்யாமல் வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டும் என்பதே என் கட்சி.

அளவு வேறு, அமுக்கம் வேறு

மெனுவில் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக நினைத்துவிடுகிறோம். எல், எம், எஸ் என்பவை படத்தில் எத்தனை பிக்சல், அதாவது சிறு புள்ளி, இருக்கும் என்று சொல்கின்றன. வளைவுகளோ, சில கமராக்களில் வரும் ஃபைன், நோர்மல், பேசிக் என்ற சொற்களோ அந்தப் பிக்சல்களை எவ்வளவு அமுக்கிக் கோப்பாக்குவது என்பதைச் சொல்கின்றன.

24 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து இலட்சம் பிக்சல்) கெனன் கமரா ஒன்றில் எல் என்றால் 6000க்கு 4000 பிக்சல். எம் என்றால் 3984க்கு 2656, அதாவது பத்தரை மெகாபிக்சல். எஸ்ஸில் பெரியதான எஸ்1 என்றால் 2976க்கு 1984, ஆறு மெகாபிக்சல்கூட முழுதாக வராது. நிக்கோனின் சில 24 மெகாபிக்சல் கமராக்களிலோ எம் என்பது 4512க்கு 3008. அது பதின்மூன்றரை மெகாபிக்சல். பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி அளவு மாறுகிறது. எதுவானாலும் எம்முக்கு இறங்கிய உடனே, காசு கொடுத்து வாங்கிய பிக்சல்களில் கிட்டத்தட்டப் பாதியையோ அதற்கு மேலோ கமராவே தூக்கி எறிந்துவிடுகிறது.

அவ்வளவு பிக்சல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டூடியோவில் போடும் 6க்கு 4 அங்குலப் பிரதிக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தாலும் 1800க்கு 1200 போதும். இரண்டு மெகாபிக்சல்தான் அது. ஏ4 அளவுக்கு ஒன்பது மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவு. வீட்டு 4கே தொலைக்காட்சியில் காட்ட எட்டேகால் மெகாபிக்சல். இப்போது கலியாண அல்பங்களில் வழக்கமாகிவிட்ட 12க்கு 18 அங்குலப் பக்கத்தை ஒரே படத்தால் நிரப்ப 5400க்கு 3600 வேண்டும். அங்கே எல் மட்டும்தான் நிற்கும். எம்மில் எடுத்ததைப் போட்டால் அங்குலத்துக்கு 220 பிக்சல் வரும். கையில் வைத்துப் பார்க்கிறவர் வித்தியாசத்தைக் கவனிக்காமலும் போகலாம். திருவிழாவுக்குத் தெருவில் கட்டுகிற பெரிய பெனருக்கு இதைவிடக் குறைவாகவே போதும். தூரத்தில் நின்று பார்ப்பதால் அங்குலத்துக்கு 100 பிக்சல்கூடத் தேவைப்படாது. ‘பெரிய பிரிண்ட் என்றால் பெரிய மெகாபிக்சல்’ என்று கடையில் சொல்வது முழு உண்மை அல்ல.

பிக்சல் உண்மையில் தேவைப்படுவது வெட்டும்போதுதான். நம்மிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒரு பெரியவர் காலமானால் மரண அறிவித்தலுக்கும், சுவரில் மாட்டுவதற்கும், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கும் ஒரு படம் வேண்டும். அவர் தனியாக நின்று எடுத்த நல்ல படம் பெரும்பாலும் இருக்காது. இருப்பது யாருடையதோ கலியாணத்தில், இரண்டு வரிசையாக நின்று எடுத்த குடும்பப் படம். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் என்றால் எல் அளவில் ஒருவருக்கு 600 பிக்சல் அகலம் கிடைக்கும். முகம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 200 பிக்சல். எம் என்றால் அந்த முகம் 130 பிக்சல். எஸ்1 என்றால் 100. இருநூறு பிக்சல் முகத்தையே சட்டகத்துக்குப் பெரிதாக்கக் கஷ்டப்பட வேண்டும். நூறு பிக்சலில் கண்ணாடிச் சட்டத்துக்கும் புருவத்துக்கும் வித்தியாசம் தெரியாது. குடும்பப் படம் எடுக்கிற எவரும் எல் அளவைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கட்டாயம் இடம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் எல்லில் நின்றுகொண்டு ஃபைனிலிருந்து நோர்மலுக்கு ஒரு படி இறங்குவது மேல். ஏன் என்று விளங்க, கமரா வழக்கமாகப் படத்தைச் சேமிக்கும் கோப்பு வடிவமான ஜேபெக் என்ன செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஜேபெக் எதை எறிகிறது

ஜேபெக் 1992இல் வந்த தரநிலை. முப்பது வருடம் தாண்டியும் அது நிற்பதற்குக் காரணம், மனிதக் கண் எதைக் கவனிக்காது என்று தெரிந்து அதை மட்டும் எறிவதில் அதற்குள்ள சாமர்த்தியம். முதலில் படத்தை 8க்கு 8, அதாவது 64 பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்தையும் ‘மெதுவாக மாறும் வெளிச்சம் இவ்வளவு, வேகமாக மாறும் நுணுக்கம் இவ்வளவு’ என்று 64 எண்களாக மாற்றுகிறது. பிறகு அந்த எண்களைத் தோராயமாக்குகிறது. மளிகைக் கடையில் 997 ரூபாய்க் கணக்கை ஆயிரம் என்று முடிப்பார்களே, அதுபோல. ஃபைன் என்றால் ஒன்றிரண்டு ரூபாயைத்தான் விடுவார்கள், பேசிக் என்றால் ஐம்பது ரூபாய்க்குக் கீழே உள்ளது எல்லாமே பூச்சியம். நுணுக்கத்துக்குரிய எண்கள் சிறியவையாதலால் முதலில் பூச்சியமாவது அவைதான். நிறையப் பூச்சியங்கள் வரிசையாக வந்தால் சேமிக்க இடமே தேவையில்லை.

ஆகவே ஒரே செட்டிங்கில் எடுத்த இரண்டு படங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. காலிமுகத்திடலில் நின்று வானத்தையும் கடலையும் எடுத்தால் கோப்பு சின்னதாக வரும். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களின் சுதைச் சிற்பங்களை எடுத்தால் அதே ஃபைன் செட்டிங்கிலேயே அது அதைப்போல் இரண்டு மடங்குகூட வரலாம். இரவில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) ஏற்றி எடுத்த படமும் அப்படித்தான். அதிலுள்ள இரைச்சல் புள்ளிகளையும் ஜேபெக் நுணுக்கம் என்றே நினைத்து இடம் ஒதுக்குகிறது. திரையில் ‘இன்னும் 812 படம் எடுக்கலாம்’ என்று கமரா காட்டுவது வெறும் மதிப்பீடு என்பதற்கும் இதுதான் காரணம்.

நிக்கோனில் இதற்கு ஒரு நுட்பமான திருப்பம் உண்டு. ஃபைன், நோர்மல், பேசிக் என்பவை தோராயமாக 1:4, 1:8, 1:16 என்ற அமுக்கம். புதிய மொடல்களில் ஒவ்வொன்றும் இரண்டு தடவை வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும், மற்றதில் இருக்காது. நட்சத்திரம் இல்லாவிட்டால் எல்லாப் படங்களையும் ஏறக்குறைய ஒரே அளவுக் கோப்பாக்கக் கமரா பார்க்கும். கடலுக்கு அது பரவாயில்லை. கோபுரத்துக்கு அநியாயம், ஏனென்றால் நுணுக்கம் கூடிய படத்திலிருந்துதான் கூடுதலாக வெட்டப்படும். நட்சத்திரத்தைப் போட்டால் அளவு எப்படிப் போனாலும் தரத்தைக் காப்பாற்றும். கமராவை வாங்கியவர்களில் பலர் இந்த நட்சத்திரத்தைக் கவனித்ததே இல்லை.

ஜேபெக் பற்றிய ஒரு பயத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். படத்தைத் திறந்து பார்ப்பதால் தரம் குறையாது. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுப்பதாலும் குறையாது. திருத்திவிட்டு மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் தோராயக் கணக்கு இன்னொரு தடவை போடப்படுகிறது. மூலத்தைத் தொடாமல் வைத்து, திருத்தியதை வேறு பெயரில் சேமித்தால் போதும்.

சிவப்பின் கதை

அமுக்கம் எங்கே உண்மையில் கண்ணுக்குப் படுகிறது என்று பார்க்க விரும்புகிறவர் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போகலாம். 1909இல் கட்டி முடித்த ஜாமிஉல் அல்ஃபர் பள்ளிவாசல், ஊர்வாயில் சிவப்புப் பள்ளிவாசல், சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் கோடுகளும் கட்டங்களுமாக நிற்கிறது. ஜேபெக்கைச் சோதிக்க வேண்டுமென்றே கட்டியதுபோல ஒரு கட்டடம்.

கமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரேயொரு நிறத்தைத்தான் பார்க்கிறது. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு அது. பாதிப் பிக்சல்களுக்குப் பச்சை வடிகட்டி, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். 24 மெகாபிக்சல் கமராவில் சிவப்பைப் பார்ப்பவை ஆறு மில்லியன் மட்டும். மற்றவற்றின் சிவப்பை அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கமரா கணித்துக்கொள்கிறது. அதற்கு மேல் ஜேபெக்கும் தன் பங்குக்கு ஒரு வெட்டு வெட்டுகிறது. கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரிகிற அளவுக்கு நிற வேறுபாடு தெரியாது என்பதால், வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் இரண்டு பிக்சலுக்கு ஒன்று, சில கமராக்களில் நாலு பிக்சலுக்கு ஒன்று என்று குறைத்துவிடும். சாதாரணக் காட்சியில் இது தெரியவே தெரியாது. பள்ளிவாசலின் மேல்மாடக் கோடுகளைத் தெருமுனையிலிருந்து எடுத்து, திரையில் முழு அளவுக்குப் பெருப்பித்துப் பார்த்தால் சிவப்பு வெள்ளைக்குள் கசிந்திருப்பது தெரியும். பேசிக்கில் எடுத்தால் ஓரமெல்லாம் புழுதி பறக்கும்.

பள்ளிவாசலை நாம் தினமும் எடுப்பதில்லை. கூறைச் சேலையை எடுக்கிறோம். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு மண்டபம், மேடையில் மஞ்சள் விளக்கு, மணப்பெண் கரும்சிவப்புக் கூறையில், அதில் தங்கச் சரிகை. மஞ்சள் வெளிச்சம் சிவப்பை இன்னும் தூக்கிவிடும். மூன்று நிறங்களில் சிவப்பு மட்டும் உச்சமான 255ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். கமராத் திரையில் மொத்த வெளிச்சத்தைக் காட்டும் சாம்பல் வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) எல்லாம் சரி என்றிருக்கும், சேலையிலோ நெசவும் மடிப்பும் மறைந்து சிவப்புச் சாயம் பூசியதுபோல ஆகியிருக்கும். கமராவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் வசதி இருந்தால் கலியாணத்தில் அதைத்தான் போட்டு வைக்க வேண்டும். ‘விவிட்’ என்ற நிறப்பாணியில் கமராவை வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கலியாணத்துக்கு ‘நியூட்ரல்’ அல்லது ‘போர்ட்ரெயிட்’ போதும். கூறைக்கு ஏற்கெனவே இருக்கிற சிவப்பே தாராளம்.

றோ எதற்கு

இந்த இடத்தில்தான் றோ வருகிறது. ஜேபெக்காக எடுக்கும்போது கமரா தானே நிறத்தை முடிவுசெய்து, கூர்மையாக்கி, இரைச்சலைத் துடைத்து, மிச்சத்தை எறிந்துவிட்டுக் கோப்பைத் தருகிறது. றோ என்றால் சென்சர் கண்டதை அப்படியே தந்துவிட்டு, முடிவை நம்மிடம் விடுகிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் றோவில் 16,384. இரண்டும் எண்ணும் முறை வேறு என்பதால் அந்த எண்களை அப்படியே ஒப்பிட்டு ‘64 மடங்கு தரம்’ என்று சொல்வது தவறு. ஆனால் நிழலில் கிடக்கும் முகத்தைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஜேபெக்கில் சாம்பல் திட்டுத் திட்டாக வரும், றோவில் தோல் நிறம் வரும்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் முழுக்கக் கருங்கல். அப்படிப்பட்ட ஒரு மண்டபத்தில், அனுமதி கிடைத்து, வாசல் வெயிலும் உள்ளே இருட்டுமாக ஒரு படம் எடுத்தால் றோவின் அருமை விளங்கும். அதற்கும் எல்லை உண்டு. சென்சரே நிரம்பி வெளுத்துப்போன இடத்தை றோவாலும் மீட்க முடியாது. ஜேபெக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் தாங்கும், அவ்வளவுதான். அசைந்துபோன படமும் குவியம் தவறிய படமும் றோவிலும் அப்படியேதான்.

கொழும்பு மண்டபங்களில் றோவைக் கட்டாயமாக்குவது வெள்ளைச் சமநிலை, அதாவது எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று கொள்வது என்ற கணக்குத்தான். கூரையில் வெள்ளை எல்ஈடி, மேடையில் மஞ்சள், பின்னணியில் ஊதாவும் நீலமுமாக மாறிக்கொண்டே இருக்கும் அலங்கார விளக்கு, வீடியோக்காரரின் தலைவிளக்கு வேறு. தாலி கட்டுகிற அந்த அரை நிமிடத்தில் கமரா எதை வெள்ளை என்று நினைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜேபெக்கில் அந்த முடிவு படத்தோடு இறுகிவிடும். ஊதா முகத்தைத் திருத்தப் போனால் சேலை பச்சைக்குப் போகும். றோவில் வெள்ளைச் சமநிலை என்பது கோப்போடு ஒட்டிய ஒரு குறிப்பு மட்டும். வீட்டில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம்.

இனி செலவுக் கணக்கு. 24 மெகாபிக்சல் கமராவில் ஃபைன் ஜேபெக் பத்து மெகாபைட் என்று வைத்தால் றோ 25 முதல் 30 வரை போகும். 64 ஜிபி கார்டில் ஜேபெக் மட்டும் என்றால் சுமார் 6000 படம், றோ மட்டும் என்றால் 2000, இரண்டும் சேர்த்து என்றால் 1500. நேரச் செலவு வேறு. ஒவ்வொன்றாகத் திறந்து, நிறம் பார்த்து, ஜேபெக்காக்க வேண்டும். அடோபியின் மென்பொருளுக்கு டொலரில் மாதச் சந்தா. அது வேண்டாம் என்றால் கெனனும் நிக்கோனும் சோனியும் தங்கள் கமராக்களுக்கு இலவசமாகவே மென்பொருள் தருகின்றன. டார்க்டேபிள், றோதெரப்பி என்ற இரண்டு மென்பொருள்களும் பெரும்பாலான கம்பனிக் கோப்புகளை இலவசமாகத் திறக்கும், பழகச் சில வாரம் பிடிக்கும்.

திருத்த உட்காரப் போவதில்லை என்றால் றோ எடுப்பதில் அர்த்தமில்லை. இதைச் சொன்னால் கமராக் குழுக்களில் கோபிப்பார்கள், ஆனாலும் அதுதான் உண்மை. கணினியில் திறக்கப்படாமல் கிடக்கும் றோக் கோப்புகளால் குடும்பத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. செய்திப் படக்காரர்களே பெரும்பாலும் ஜேபெக்தான் எடுக்கிறார்கள். பிரேமதாச மைதானத்தில் விக்கெட் விழுந்து சில நிமிடத்தில் படம் ஆசிரியரிடம் போய்ச் சேர வேண்டும். ரொய்ட்டர்ஸ் 2015 நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், றோவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கமராவே தந்த ஜேபெக்கை அனுப்புங்கள் என்று தன் சுயாதீனப் படக்காரர்களுக்கு அறிவித்தது. வேகம் ஒரு காரணம், படத்தில் கைவைக்காமல் இருப்பது இன்னொரு காரணம்.

கலியாணம் மாதிரித் திரும்ப எடுக்க முடியாத நாட்களுக்கு ‘றோ கூட்டல் ஜேபெக்’ சரியான வழி. அன்றிரவே டொரன்டோவில் இருக்கும் சித்திக்கு அனுப்ப ஜேபெக், அல்பத்துக்கு றோ. இரண்டு கார்ட் போடும் கமரா என்றால் இரண்டிலும் எல்லாம் பதிவாகும்படி ‘பேக்கப்’ என்று வைப்பதுதான் என் தெரிவு. ஒன்றில் றோ, மற்றதில் ஜேபெக் என்று பிரிக்கிறவர்களும் உண்டு. ஒரு கார்ட் செத்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சும்.

றோவுக்குள்ளேயும் தெரிவு இருக்கிறது. ‘லொஸ்லெஸ்’ என்று இருந்தால் யோசிக்காமல் அதைப் போடலாம். கோப்பு சுருங்கும், தரவு ஒன்றும் போகாது. சோனியின் ஏ7 வரிசைக் கமராக்களில் ஆரம்பத்தில் இழப்புள்ள றோ மட்டுமே இருந்தது. குறைகேட்டுக் குறைகேட்டு 2015இல் அமுக்காத றோ வந்தது, இழப்பில்லாமல் அமுக்குவது 2021இல் தான். கெனன் 2018இல் எம்50 கமராவோடு கொண்டுவந்த ‘சி-றோ’வில் சிறிது இழப்பு உண்டு. அதை நான் பெரிய குறையாக எடுக்கமாட்டேன். மிகவும் இருட்டாக எடுத்ததை அளவுக்கு மீறித் தூக்கினால்தான் தெரியும், கோப்போ ஏறக்குறைய அரைவாசியாகிவிடுகிறது.

தொடர்ந்து சடசடவென்று எடுக்கும்போது மட்டும் றோ கையைக் கட்டும். ஆடிவேல் தேர் வருகிறது, காவடிக்காரர் சுழல்கிறார், பத்துப் பதினைந்து படம் போனதும் கமரா நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகம் நிரம்பி, கார்டில் எழுதி முடியும்வரை காத்திருக்கிறது. ஜேபெக் என்றால் அதே நினைவகத்தில் இரண்டு மூன்று மடங்கு படம் பிடிக்கும். கார்டின் வேகமும் கணக்கு. மேலே அச்சிட்ட பெரிய எண் பெரும்பாலும் வாசிக்கும் வேகம். பார்க்க வேண்டியது வி30 என்பதுபோன்ற குறியை. தொடர்ந்து எழுதும்போதும் வினாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்பது அதன் உத்தரவாதம். புறக்கோட்டையில் நம்ப முடியாத மலிவில் 512 ஜிபி கார்ட் கிடைத்தால் நம்பாமல் இருப்பதே நல்லது. 64 ஜிபியை 512 என்று காட்டும் போலிகள் உலகம் முழுக்க உலாவுகின்றன. கமரா எழுதிக்கொண்டே போகும், படம் இருக்காது. வாங்கியதும் முழுக் கார்டையும் நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்க்க வேண்டும்.

வட்ஸ்அப்புக்குப் போன பிறகு

இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் போடுகிறோம். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகக் குறைந்து, மறுபடி ஜேபெக்காக அமுக்கப்பட்டு, இரண்டு மெகாபிக்சலுக்கும் குறைவாகப் போய்ச் சேரும். 2023 ஓகஸ்டில் ‘எச்டி’ தெரிவு வந்த பிறகு நிலைமை பரவாயில்லை, ஆனால் அதுவும் மூலம் அல்ல. மூலமே போக வேண்டும் என்றால் போட்டோவாக இணைக்காமல் ‘டொக்யூமென்ட்’ ஆக இணைக்க வேண்டும். 2 ஜிபி வரை அப்படியே போகும்.

அல்பம் செய்பவருக்கு வட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்துவிட்டு ‘கமரா சரியில்லை’ என்று சொல்கிறவர்கள் நிறைய. கமராவில் ஃபைனா நோர்மலா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, குடும்பத்தில் ஒருவராவது மூலக் கோப்புகளை ஒரு வன்தட்டில் வைத்திருப்பது பல மடங்கு முக்கியம். கார்டைத் துடைக்குமுன் இரண்டு இடத்தில் பிரதி இருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் படங்களில் நமக்கு இந்தத் தலையிடி இல்லை. அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதே மெனுவில் வரும் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். நிறவெளியில், அதாவது கோப்பில் அடங்கும் நிறங்களின் வரம்பில், எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி என்று இரண்டு. பின்னது பரந்தது என்று கேள்விப்பட்டு மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. போனிலும் சாதாரண பிரிண்ட் கடையிலும் அந்தப் படங்கள் சோகை பிடித்ததுபோல வரும். கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால் கமரா அடோபி ஆர்ஜிபியில் இருக்கிறது என்று அர்த்தம். எஸ்ஆர்ஜிபிக்கே திருப்பிவிடுங்கள். றோ எடுப்பவருக்கு இது பொருட்டே இல்லை, பிறகு மாற்றலாம். படத்தின் அகல உயர விகிதத்தை 3:2இலேயே விட வேண்டும். 1:1 என்று வைத்து ஜேபெக் எடுத்தால் ஓரங்கள் போனது போனதுதான். ஹீஃப் என்ற புதிய வடிவம் ஐபோனில் 2017இல் வந்தது, கமராக்களில் கெனன் 2020இல் கொண்டுவந்தது. பத்து பிட் நிறம், சின்னக் கோப்பு, எல்லாம் நல்லதுதான். ஸ்டூடியோவில் கொடுத்தால் ‘இது திறக்குதில்லை அண்ணா’ என்று திருப்பித் தருவார்கள். இன்னும் சில காலம் போகட்டும்.

கோப்பின் எண்ணை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். கமராக்கள் 0001 முதல் 9999 வரை எண்ணிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். எண்ணிடலை ‘ரீசெட்’ என்று வைத்திருந்தால் ஒவ்வொரு கார்டிலும் 0001 இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுப் போகலாம். ‘தொடர்ச்சி’ என்று வைப்பதே பாதுகாப்பு. ஒரே கலியாணத்தை இரண்டு பேர் எடுத்தால் கோப்புப் பெயரின் முன்னெழுத்துகளை ஆளுக்கொன்றாக மாற்றி, இரண்டு கமராவின் மணிக்கூட்டையும் வினாடி வரை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நேரப்படி அடுக்கும்போது தாலி கட்டுக்கு முன்னால் சாப்பாட்டுப் பந்தி வராது.

ஒவ்வொரு கோப்பிலும் அந்த நேரம் பதிவாகியிருப்பதால் பழைய படங்களை அடுக்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். இலங்கை 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே என்ற நிலைக்கு வந்தது. அதனால் அதற்கு முன் கொழும்பில் எடுத்த டிஜிட்டல் படங்களை இன்றைய நேரத்தோடு ஒப்பிட்டால் அரை மணி முன்னால் நிற்கும். கமராவில் பிழை இல்லை, அப்போதைய இலங்கை நேரம் அதுதான். திருத்தப் போக வேண்டாம்.